ஜொள்ளு வடியும் கன்னம்: வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில், கைக்குழந்தைகளின் வாயைச் சுற்றி வரும் சிவப்பு பற்றிக் கேட்டவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 5 மாதம். கொஞ்ச நாளாக ஜொள்ளு நிற்கவே இல்லை. வாயைச் சுற்றியும் தாடையிலும் சிவந்து, பொரிப்பொரியாக வந்திருக்கிறது. துடைக்கத் துடைக்க அதிகமாகிறதே தவிரக் குறையவில்லை. பவுடர் போட்டும் பார்த்தோம். உடம்புச் சூடு என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தாய், பாலக்கோடு

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். துடைக்கத் துடைக்கத்தான் அதிகமாகிறது. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

3, 4 மாதத்தில் எச்சில் சுரப்பிகள் மும்முரமாக வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆனால் உதட்டை மூடி, ஊறுவதை அவ்வப்போது விழுங்கும் பழக்கம் கைகூட இன்னும் பல மாதம் ஆகும். அதுவரை ஊறுவதெல்லாம் தாடை வழியாகத்தான் இறங்கும். நெடுநேரம் துணி துவைத்தால் நம் விரல் நுனி ஊறி வெளுத்துப்போகிறதல்லவா, குழந்தையின் தாடைத் தோலும் அப்படித்தான் ஊறுகிறது. அதன் தோல் நம்முடையதைவிட மெல்லியது. எச்சிலில் உணவைச் செரிக்கவைக்கும் நொதிகளும் இருக்கின்றன. ஊறி இளகிய அந்தத் தோலின் மேல் துண்டால் ஒரு இழு இழுத்தால் மேல்படலம் உரிந்துவிடும். அதற்கு மேல் அடுத்த ஜொள்ளு விழும்போதுதான் காந்தல், அழுகை எல்லாம்.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. தேய்ப்பதை நிறுத்த வேண்டும். எச்சில் விழும் முன்பே தோலின் மேல் ஒரு பூச்சு இருக்க வேண்டும்.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, சிவந்த இடத்தில் வைத்து அழுத்தி எடுங்கள். காய்ந்து ஒட்டியிருக்கும் பாலோ கஞ்சியோ வரவில்லையென்றால் ஈரத்துணியை அரை நிமிடம் அப்படியே வைத்திருந்தால் ஊறி வந்துவிடும், சுரண்ட வேண்டாம். சோப்பு தேவையில்லை. பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கீழுதட்டுக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது பாருங்கள், பலரும் விட்டுவிடும் இடம் அதுதான். ஈரம் அங்கே தங்கினால் மற்ற இடம் ஆறினாலும் அங்கே ஆறாது. ஒன்றிரண்டு நிமிடம் காற்றாட விட்டுவிட்டு, வாசனை சேர்க்காத வெள்ளை வாஸ்லினை ஒரு பட்டாணி அளவு எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் இளக்கி, வாயைச் சுற்றி, தாடை, இரு கன்னம் வரை தட்டித் தட்டிப் பூசுங்கள். தோல் லேசாக மினுமினுத்தால் போதும். அப்பிவிட்டால் துணியில்தான் போய் ஒட்டும். டப்பாவுக்குள் எச்சில் பட்ட விரலை விடாதீர்கள். சின்னக் கரண்டியால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சுக்கான நேரம் முக்கியம். பால் கொடுப்பதற்கு முன்பும் தூங்கவைப்பதற்கு முன்பும் பூசுங்கள். அப்புறம் முகம் கழுவிய ஒவ்வொரு முறையும். பால் குடித்து முடித்து முகமெல்லாம் நனைந்த பிறகு, அந்த ஈரத்தின் மேலேயே வாஸ்லின் பூசினால் எச்சிலை உள்ளே வைத்து மூடிய கதைதான். இடையிடையே ஜொள்ளு வழிந்தால் ஒற்றி மட்டும் எடுங்கள், ஒவ்வொரு முறையும் தண்ணீர் வேண்டாம். நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் கழுவினால் கழுவுவதே தோலை வறளவைத்துவிடும். இப்படிச் செய்தால் இரண்டு மூன்று நாளில் சிவப்பு தணியும். ஒரு வாரத்தில் ஆறவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறிய பிறகும் வாஸ்லினை நிறுத்த வேண்டாம். ஜொள்ளு இருக்கும் வரை புண் திரும்ப வரத்தான் பார்க்கும்.

துணிக்குப் பழைய பருத்தி வேட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. பல முறை துவைத்து நைந்ததாக இருக்கட்டும். கைக்குட்டை அளவில் பத்துப் பன்னிரண்டு துண்டு வெட்டி ஓரம் அடித்துக்கொள்ளுங்கள். பூத்துவாலை மென்மையாகத் தெரியும், ஆனால் அதன் சுருள் நூல் புண்பட்ட தோலில் உரசும். கழுத்தில் கட்டும் பிப் இரண்டு மடிப்புப் பருத்தியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் பக்கம் கழுத்தைத் தொடக் கூடாது. நனைந்தவுடன் மாற்ற முடியாது என்றால் கட்டாமலே இருப்பது மேல். தூங்கும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள், மேலே ஏறி மூக்கை மூடும்.

பவுடரை இன்றே எடுத்து ஒதுக்கி வையுங்கள். ஈரத்தில் அது உருண்டு திரண்டு மடிப்புக்குள் உரசும். முகத்தருகே தட்டும்போது பறக்கும் தூள் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் போகும். இது எந்த பிராண்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: எங்களுக்கு மாந்தோப்பு. 9 மாதப் பெண் குழந்தைக்கு மாம்பழக் கொட்டையைச் சப்பக் கொடுத்தோம். அன்று ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் உதட்டைச் சுற்றிச் சிவந்து, தடித்து, பொடிக் கொப்புளமாகிவிட்டது. விரலால் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். இதுவும் ஜொள்ளால் வந்ததுதானா?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இல்லை, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சொணை பட்டதாகத்தான் தெரிகிறது. மாங்காய்ப் பாலிலும் தோலிலும் ஒருவகைப் பிசின் இருக்கிறது. சேராங்கொட்டையும் முந்திரியும் மாவும் ஒரே குடும்பம் என்பதை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். இந்தப் பிசினால் வரும் ஒவ்வாமை உடனே தெரியாது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தலைகாட்டும், அதனால்தான் யாரும் மாம்பழத்தைச் சந்தேகிப்பதில்லை. ஜொள்ளால் வரும் சிவப்பு எச்சில் வழியும் தடத்திலேயே இருக்கும், காந்தும். சொணையோ பழம் பட்ட இடமெல்லாம் வரும். அரிப்புத்தான் அதில் முதன்மை.

இப்போது முகத்தையும் கையையும் ஒரே ஒரு முறை மென்மையான சோப்பால் கழுவி, பிசின் மிச்சம் இருந்தால் போக்கிவிடுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். பிறகு முன் சொன்னபடி ஒற்றுதல், வாஸ்லின். கொப்புளம் உடைந்து நீர் வடிந்தாலோ கண் இமை வீங்கினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆறும் வரை மாம்பழம் வேண்டாம்.

அதற்குப் பிறகு கொடுப்பதானால் கொடுக்கும் முறையை மாற்றுங்கள். பழத்தை முழுதாகக் கழுவி, பிசின் அதிகம் தங்கும் காம்புப் பக்கத்தை ஒரு விரல்கடை வெட்டி எறிந்துவிட்டு, தோலைத் தடிமனாகச் சீவுங்கள். சீவிய கத்தியையும் கையையும் கழுவிய பிறகே சதையை நறுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள்: தோல் சீவிய அதே கத்தியால் நறுக்கினால் பிசின் சதைக்கு வந்துவிடுகிறது. மசித்து, வாயைச் சுற்றி வாஸ்லின் பூசிவிட்டு, கரண்டியால் ஊட்டுங்கள். முடிந்ததும் முகத்தை ஒற்றி எடுங்கள். கொட்டை சப்புவது இந்த வயதுக்கு வேண்டாம். வழுக்கி உள்ளே போனால் அடைக்கும், நாரும் தொண்டையில் சிக்கும். அப்படியும் மறுபடி வந்தால் மருத்துவரைக் கேட்காமல் மாம்பழம் கொடுக்காதீர்கள். தோப்பிலும் மண்டியிலும் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் சோப்புப் போட்டுக் கைகழுவி, சட்டையை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எந்த உணவானாலும் சரி, கொடுத்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இழுப்பு, துவண்டுபோதல் இவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: 7 மாதக் குழந்தைக்கு வலது கன்னம் மட்டும் சிவந்து சொரசொரப்பாக இருக்கிறது. இடது கன்னம் பட்டுப்போல இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஏன்?
– ஒரு தாய், தேன்கனிக்கோட்டை

பதில்: எந்தப் பக்கம் திரும்பித் தூங்குகிறது என்று இரண்டு இரவு கவனியுங்கள். அநேகமாக வலது பக்கமாக இருக்கும். தூக்கத்தில் வழியும் ஜொள்ளில் துணி நனைந்து, அந்த ஈரத்திலேயே கன்னம் மணிக்கணக்கில் கிடக்கிறது. தூளி என்றால் இன்னும் மோசம். ஆடும்போதெல்லாம் கன்னம் சேலையில் உரசும். நைலக்ஸ், பாலியஸ்டர் சேலையில் தூளி கட்டியிருந்தால் பருத்திக்கு மாற்றுங்கள். இரவுத் தூக்கத்துக்குத் தூளியைவிட, கெட்டியான சமதளப் படுக்கையில் மல்லாக்கப் போடுவதே நல்லது. தலையை ஒரு நாள் வலம், ஒரு நாள் இடம் என்று திருப்பி வையுங்கள். விரிப்பு நனைந்தால் மாற்றுங்கள். கன்னத்தடியில் துணியை மடித்து வைக்கும் யோசனை வேண்டாம், மூச்சை அடைக்கும்.

உங்கள் ஊர்க் குளிரையும் சொல்ல வேண்டும். மார்கழி, தையில் தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் காற்று வறண்டு வீசும். நனைந்த கன்னம் அந்தக் காற்றில் காயும்போது வெடிக்கும். கம்பளிக் குல்லாவின் நாடாவும் விளிம்பும் கன்னத்தில் படுகிறதா பாருங்கள். உள்ளே பருத்திக் குல்லா போட்டு மேலே கம்பளி போடலாம்; வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவே வேண்டாம். குளிப்பாட்டி ஒற்றிய கையோடு, தோலில் லேசான ஈரப்பசை இருக்கும்போதே, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் பூசுங்கள். இதையெல்லாம் செய்தும் போகாமல், முழங்கை, முழங்கால், நெற்றியிலும் அரிப்போடு வறண்ட திட்டுகள் வந்தால் அது எக்ஸிமாவாக இருக்கலாம். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, தும்மல் அலர்ஜி இருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: பேரனுக்குத் தாடையில் வந்திருப்பதை அக்கி என்று நினைத்து, காவி எழுத அழைத்துப் போகலாம் என்கிறேன். மருமகள் வேண்டாம் என்கிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு பாட்டி, பென்னாகரம்

பதில்: மருமகள் சொல்வதுதான் சரி, பாட்டியம்மா. அக்கி என்று நாம் சொல்லும் நோய் கைக்குழந்தைக்கு வருவது அபூர்வம். வெடித்த தோலில் மண்ணைப் பூசினால் கிருமி சேரும்; தாடையில் பூசியதை நாக்கு நக்கி உள்ளே தள்ளும்; அடியில் புண் எப்படி இருக்கிறது என்பதும் தெரியாமல் போகும்.

உங்கள் அனுபவக் கண் இங்கே வேறு விதத்தில் உதவும். தேன் காய்ந்தது போல மஞ்சள் பொருக்குத் தட்டினால் கிருமி பிடித்துவிட்டது, மற்றப் பிள்ளைகளுக்கும் பரவும், ஆன்டிபயாடிக் தேவைப்படும். நீர் கோத்த சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வந்தால் அன்றே காட்ட வேண்டும். வாய்க்குள் புண், உள்ளங்கை, உள்ளங்காலில் கொப்புளம், காய்ச்சல், பால் மறுப்பு என்று சேர்ந்து வந்தால் அது கை, கால், வாய் நோய். இவை எதுவும் இல்லாமல் வெறும் சிவப்பும் பொரியும் என்றால் வாஸ்லின் போதும். திருஷ்டிப் பொட்டைச் சிவந்த கன்னத்தில் வைக்காமல் உள்ளங்காலில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக வருகிறது. தொடர்ந்து போடலாமா?
– ஒரு தந்தை, அரூர்

பதில்: போடக் கூடாது. இரண்டு நாளில் பளிச், நிறுத்தினால் இரட்டிப்பு என்பது வீரியமான ஸ்டீராய்டின் அடையாளம். ட்யூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபிட்டசால், மோமெட்டசோன் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா பாருங்கள். கூடவே நியோமைசின், க்ளோட்ரிமசோல் போன்றவையும் சேர்ந்திருந்தால் அது எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக விற்கப்படும் கலப்பு க்ரீம். குழந்தை முகத்துக்கு அதைவிடக் கெடுதலானது அரிது. தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும். வாயைச் சுற்றிப் பருபோலப் புதிதாகக் கிளம்பும். பூஞ்சைத் தொற்று இருந்தால் வெளியே அடங்கியது போலக் காட்டி உள்ளே பரவும்.

ட்யூபையே எடுத்துக்கொண்டு போய்க் குழந்தை மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ காட்டுங்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை முறை போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். வாரக்கணக்கில் போட்டிருந்தால் எப்படி நிறுத்துவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். தேவையென்று பட்டால் அவரே 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மிதமானதைச் சில நாளுக்கு மட்டும் எழுதித் தருவார், அதில் பயமில்லை.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதில் முகம் கழுவுவதால்தான் குழந்தைக்குச் சிவக்கிறதா?
– ஒரு வாசகி, நல்லம்பள்ளி

பதில்: ஃப்ளோரைடு தோலைச் சிவக்க வைப்பதில்லை. அது குடிப்பதாலும் சமைப்பதாலும் உடம்புக்குள் போய்ப் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் செறிவு கூடவே செய்யும். ஆகவே பவுடர் பால் கலக்கவும் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சவும் போர் தண்ணீர் வேண்டாம். 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் உங்கள் ஊருக்கு வந்தால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முகத்துக்குத் தொல்லை தருவது தண்ணீரின் கடினத்தன்மை. சோப்பு நுரைக்காமல் திரிந்து, அந்தப் படலம் தோலிலேயே தங்கி வறளவைக்கும். துணியிலும் அப்படியே: நுரை வரவில்லை என்று தூளை அள்ளிப்போட்டுத் துவைத்த பிப், காய்ந்ததும் விறைத்து நிற்கும். தூளைக் குறைத்து, கடைசி அலசலை மட்டும் ஒகேனக்கல் தண்ணீரிலோ மழைநீரிலோ செய்யுங்கள். வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனரையும் டெட்டாலையும் குழந்தைத் துணியில் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: 6 மாதக் குழந்தைக்குக் கழுத்து மடிப்பில் ரத்தச் சிவப்பாக இருக்கிறது, ஒரு வாடையும் வருகிறது. கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறோம்.
– ஒரு தாய், ஊத்தங்கரை

பதில்: கயிற்றை இன்றே கழற்றிவிடுங்கள். ஜொள்ளையும் பாலையும் வியர்வையையும் குடித்துக்கொண்டு நாளெல்லாம் ஈரமாக மடிப்புக்குள் கிடப்பது அதுதான். கழுத்தில் எந்தக் கயிறும், மணியும் இறுக்கிவிடும் ஆபத்து வேறு. தாடையைத் தூக்கி மடிப்பை விரித்து, ஒற்றி, காற்றாட விடுங்கள். நல்ல சிவப்பும், அதன் விளிம்பைத் தாண்டித் தனித்தனியாகச் சின்னச் சிவப்புப் புள்ளிகளும் இருந்தால் அது பூஞ்சை. அங்கே வாஸ்லின் மட்டும் பூசினால் ஆறாது. மருத்துவர் எழுதித் தரும் பூஞ்சைக்கொல்லி க்ரீம் வேண்டும், சிவப்பு போன பிறகும் அவர் சொன்ன நாள் வரை போட வேண்டும். சித்திரை வெயிலில் இது அடிக்கடி வரும்.

கேள்வி: தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், தாய்ப்பால், வெட் வைப்ஸ் – இவற்றில் எது நல்லது?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: சுத்தமான தேங்காய் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் சீக்கிரம் வழித்துக்கொண்டு போய்விடும், வாஸ்லின் அளவுக்கு நிற்காது. கடலை எண்ணெய் வேண்டாம்: வெடித்த தோல் வழியாக வேர்க்கடலை உள்ளே போனால் பின்னால் வேர்க்கடலை அலர்ஜி வர வாய்ப்புண்டு. தாய்ப்பாலைக் குழந்தை குடிக்கட்டும்; முகத்தில் தடவி ஈரமாக விடுவதில் லாபமில்லை. வைப்ஸ் பயணத்துக்கு மட்டும், அதுவும் வாசனையில்லாதது. நீங்கள் கேட்காத பயற்றமாவையும் சேர்த்துக்கொள்கிறோம்: புண் ஆறும் வரை முகத்துக்கு வேண்டாம், அதன் குருணை உரசும்.

கேள்வி: பல் முளைப்பதால்தான் ஜொள்ளும் காய்ச்சலும் என்கிறார்கள். ஈறில் தடவ ஜெல் வாங்கலாமா? ஜொள்ளு எப்போது நிற்கும்?
– ஒரு தாய், பர்கூர்

பதில்: பல் முளைக்கும்போது ஜொள்ளு கூடும். ஆனால் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் போகும் காய்ச்சலுக்குப் பல் காரணமல்ல, வேறு காரணம் தேட வேண்டும். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் ஜெல் 2 வயதுக்குள் கூடாது; ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குலைத்துவிடக்கூடும். வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதும் வேண்டாம். கழுவிய விரலால் ஈறை அழுத்தித் தேய்த்துவிடுங்கள், அல்லது ஃப்ரிட்ஜில் குளிரவைத்த ஈரத்துணியை நீங்கள் கையில் பிடித்தபடி கடிக்கக் கொடுங்கள். சூப்பான் பழக்கம் இருந்தால் அதன் வட்டத்துக்கு அடியில் எச்சில் தேங்கும், நேரத்தைக் குறையுங்கள்.

ஒன்றரை, 2 வயதுக்குள் பெரும்பாலும் ஜொள்ளு நின்றுவிடும். 4 வயதுக்குப் பிறகும் வழிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென ஜொள்ளு கொட்டி, விழுங்க முடியாமல் மூச்சு இரைந்தால் அது பல் அல்ல. அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய நேரம்.

கேள்வி: அப்பா முத்தம் கொடுத்தாலும் கன்னம் சிவக்குமா?
– ஒரு வாசகி, மத்தூர்

பதில்: சிவக்கும். தாடியைவிட, ஒரு நாள் வளர்ந்த முள்முடி மோசம். புண் ஆறும் வரை காலில் கொடுக்கச் சொல்லுங்கள். உதட்டில் காய்ச்சல் கொப்புளம் இருப்பவர் யாராக இருந்தாலும், அது பொருக்கு உதிர்ந்து முழுதாக ஆறும் வரை குழந்தைக்கு எங்குமே முத்தம் கொடுக்கக் கூடாது.